தூக்கும் திறனும் தாங்கும் திறனும்: டிராக்டரில் கனமான பாரம் தூக்க எதிர் எடை ஏன் தேவை?

டிராக்டரோடு வரும் விவரத்தாளில் "தூக்கும் திறன் 1,600 கிலோ" என்பது போன்ற ஒரு வரி இருக்கும். அதைப் படிப்பவர்களில் பலர், 1,600 கிலோ பாரத்தைத் தூக்கிக்கொண்டு வயலிலும் சாலையிலும் அந்த டிராக்டரால் போய்வர முடியும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வரி சொல்வது ஹைட்ராலிக் அமைப்புக்கு, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் பாரத்தைத் தூக்கும் பகுதிக்கு, எவ்வளவு பலம் உண்டு என்பதை மட்டுமே. அவ்வளவு பாரம் மேலே ஏறிய பிறகு நான்கு சக்கரங்களும் தரையில் அழுந்தி நிற்குமா, ஸ்டியரிங்கைத் திருப்பிய பக்கம் வண்டி திரும்புமா, பிரேக் பிடிக்குமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்தத் திறனை அளக்கும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) சோதனை முறையில், டயர்கள்கூட அமுங்காதபடி டிராக்டரை அசையாமல் பிணைத்துவைத்துவிட்டுத்தான் ஹைட்ராலிக்கைத் தூக்கச் செய்கிறார்கள். வயலில் அப்படிப் பிணைத்துவைப்பார் யாரும் இல்லை. அங்கே டிராக்டரை நிலைநிறுத்துவது அதன் சொந்த எடையும், நாம் சேர்க்கும் எதிர் எடையும்தான். கையேடுகளில் பாலஸ்ட் என்று குறிப்பிடப்படுவது இந்த எதிர் எடையே.

ஹைட்ராலிக்கால் தூக்க முடிகிற பாரம், டிராக்டரால் பாதுகாப்பாகச் சுமக்க முடிகிற பாரத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். லீவரை அசைத்ததும் பாரம் மேலே வந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. விபத்துகள் பல அந்த எண்ணத்தில்தான் தொடங்குகின்றன. எனவே எவ்வளவு எதிர் எடை தேவை, அதை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தூக்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது அவசியம்.

பின்னால் தூக்கும்போது என்ன நடக்கிறது

டிராக்டரின் பின்புறத்தில் இரண்டு கீழ்க் கைகளும் நடுவில் டாப் லிங்க் எனப்படும் ஒரு மேல் கையும் சேர்ந்த த்ரீ பாயிண்ட் லிங்கேஜ், அதாவது மும்முனை இணைப்பு, இருக்கிறது. இதில் மாட்டப்படும் கருவியோ பாரமோ பின் அச்சுக்குப் பின்னால்தான் தொங்க முடியும். ஆகவே பின் அச்சு ஒரு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிவிடுகிறது. பின்னால் தொங்கும் பாரம் அந்தப் புள்ளியைச் சுற்றி டிராக்டரைப் பின்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. முன் அச்சின் மீது இருக்கும் எடை அதை எதிர்த்து நிற்கிறது.

கணக்காகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு டிராக்டரின் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் வெறுமனே நிற்கும்போது அதன் முன் அச்சில் 800 கிலோவும் பின் அச்சில் 1,200 கிலோவும் இறங்குகின்றன. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர் தூரம். இதன் பின்னால் 600 கிலோ எடையுள்ள ஒரு கருவியை மாட்டித் தூக்குகிறோம். கருவியின் ஈர்ப்பு மையம், அதாவது அதன் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, பின் அச்சிலிருந்து 1.5 மீட்டர் பின்னால் இருக்கிறது. 600-ஐ 1.5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 450 வருகிறது. முன் அச்சிலிருந்து 450 கிலோ குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். 800 கிலோ இருந்த இடத்தில் இப்போது 350 கிலோதான் மிச்சம். குறைந்த அந்த 450 கிலோ பின் அச்சுக்குப் போய்விட்டது. எனவே பின் அச்சு, கருவியின் 600 கிலோவோடு இதையும் சேர்த்து, 2,250 கிலோ சுமக்கிறது. 600 கிலோ கருவியை மாட்டினால் பின் டயர்களில் 600 கிலோதான் கூடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். உண்மையில் கூடுவது 1,050 கிலோ.

முன் அச்சில் 350 கிலோ இருப்பது போதுமா? கருவிகளோடு வரும் கையேடுகள் பலவற்றில் ஒரு குறைந்தபட்ச அளவு தரப்பட்டிருக்கும். பாரத்தோடு ஓடும்போது முன் அச்சின் மீது, டிராக்டரின் வெற்று எடையில் 20 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பதே அது. நம் டிராக்டருக்கு அந்த அளவு 400 கிலோ. நம்மிடம் இருப்பது 350. வண்டி கவிழ்ந்துவிடாது, ஆனால் மேடுபள்ளத்தில் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி எழும்பி இறங்கும். திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே சறுக்கிக்கொண்டு போகும். இந்த நிலையில் சிலர் ஒருபக்க பிரேக்கை மிதித்து வண்டியைத் திருப்புவதைப் பார்க்கலாம். வயலுக்குள் மெதுவாகச் செய்யும் அந்தப் பழக்கம் சாலைக்கு வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். சாலையில் இரண்டு பிரேக் பெடல்களும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

குறையும் 50 கிலோவை ஈடுசெய்ய, முன் பம்பரில் மாட்டும் வெயிட் கட்டிகளைப் பயன்படுத்தலாம். அவை முன் அச்சுக்கும் முன்னால், நம் டிராக்டரில் 0.6 மீட்டர் தள்ளி, தொங்குவதாகக் கொள்வோம். அந்தத் தூரமும் நெம்புகோலாக நமக்கு உதவுகிறது. அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன் அச்சில் 1.3 கிலோவாக இறங்கி, பின் அச்சிலிருந்து 0.3 கிலோவைக் குறைக்கிறது. ஆகவே 40 கிலோ வைத்தாலே முன் அச்சில் 52 கிலோ கூடி, மொத்தம் 402 கிலோ ஆகிவிடும்.

இப்போது பாரத்தைச் சற்றுக் கூட்டிப் பார்ப்போம். அதே இடத்தில் 900 கிலோ தொங்கினால் முன் அச்சில் மிஞ்சுவது வெறும் 125 கிலோ. குறைந்தபட்ச அளவை எட்ட 212 கிலோ முன் எடை தேவைப்படும். எதிர் எடையே இல்லாமல் 1,067 கிலோவை எட்டினால் முன் அச்சின் எடை சுழியாகிவிடும். அதற்குமேல் ஒரு மூட்டை கூடினாலும் டிராக்டர் முன்னங்காலைத் தூக்கிவிடும். ஆனால் விவரத்தாளில் எழுதியிருந்ததோ 1,600 கிலோ. அந்த எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் இடையே இருக்கும் ஐந்நூறு கிலோவுக்கும் மேற்பட்ட இடைவெளியை ஹைட்ராலிக் உணராது. அது கேட்டபடி தூக்கிக்கொண்டே இருக்கும்.

எடையைக் கூட்டாமலேயே நிலைமையைச் சரிசெய்யும் வழி ஒன்றும் உண்டு. அதைத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பாரத்தை டிராக்டருக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதே அந்த வழி. மேலே சொன்ன 600 கிலோ கருவியின் ஈர்ப்பு மையத்தை 1.5 மீட்டரிலிருந்து 1.2 மீட்டருக்குக் கொண்டுவர முடிந்தால், முன் அச்சிலிருந்து குறைவது 360 கிலோவாக மட்டுமே இருக்கும். மிச்சம் 440 கிலோ. எதிர் எடையே தேவையில்லை. 30 சென்டிமீட்டர் தூரம் 40 கிலோ இரும்பின் வேலையைச் செய்துவிடுகிறது. பின்னால் மேடை போன்ற சட்டத்தை மாட்டி மூட்டைகளை அடுக்கும்போது, கனமானவற்றை டிராக்டரை ஒட்டியும் இலேசானவற்றைக் கடைசியிலும் வைப்பது இதனால்தான். விவரத்தாளில் தூக்கும் திறனைக் கீழ்க் கைகளின் நுனியில் அளந்தது, நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தது என இரண்டு விதமாகத் தருவதும், இரண்டாவது எண் பெரும்பாலும் சிறியதாக இருப்பதும் இதே காரணத்தால்தான். உண்மையான கருவிகளின் எடை நுனியில் இருப்பதில்லை என்பதால் இரண்டாவது எண்ணையே பார்க்க வேண்டும்.

மும்முனை இணைப்பின் மீது பலர் வைத்திருக்கும் அளவுகடந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. முற்கால டிராக்டர்களில் கலப்பை ஏதாவது ஒரு பாறையில் சிக்கிக்கொண்டால், சக்கரங்கள் தொடர்ந்து சுழலப் பார்த்து, வண்டியே முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மீது மல்லாந்து விழுந்த நேர்வுகள் உண்டு. ஹாரி ஃபெர்குசன் 1920-களில் உருவாக்கி, 1939-இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டரின் வழியாகப் பரவலாக அறியப்பட்ட மும்முனை இணைப்பு, உழும்போது மண்ணின் எதிர்ப்பை டாப் லிங்க் வழியாக முன்னோக்கித் தள்ளும் விசையாக மாற்றி, முன்பக்கம் எழும்பாமல் தடுத்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கருவி மண்ணுக்குள் இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். கருவியை மண்ணிலிருந்து மேலே தூக்கிவிட்டால் அது பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் வெறும் பாரமாகிவிடும். அங்கே நெம்புகோல் கணக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

முன் லோடரில் பாரம் தூக்குவது வேறு கதை

முன்பக்கம் லோடரும், அதாவது பாரத்தைத் தூக்கும் கைகளும், அவற்றின் நுனியில் பக்கெட்டும் பொருத்திய டிராக்டரில் தாங்குபுள்ளி முன் அச்சுக்கு மாறிவிடுகிறது. அதே 2,000 கிலோ டிராக்டரில் 400 கிலோ எடையுள்ள லோடரைப் பொருத்துவோம். அதன் ஈர்ப்பு மையம் முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கட்டும். பக்கெட்டில் 500 கிலோ பாரம், முன் அச்சிலிருந்து 1.5 மீட்டர் முன்னால். இப்போது முன் அச்சில் 2,175 கிலோவும் பின் அச்சில் 725 கிலோவும் இறங்குகின்றன. மொத்த எடையில் முக்கால் பங்கை முன் சக்கரங்களே சுமக்கின்றன. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது என்பதையும், பின் சக்கர இயக்கம் மட்டும் உள்ள வண்டியில் தள்ளுவிசையும் அங்கிருந்தே வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், எடை குறைந்த பின் சக்கரங்கள் எவ்வளவு பெரிய சிக்கல் என்பது புரியும். சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், சரிவில் இறங்குவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். பின் சக்கரங்களைப் பிடிக்கும் பிரேக், இயக்கத் தண்டின் வழியாக முன் சக்கரங்களையும் கட்டுப்படுத்தும்.

இதைவிட முக்கியமான ஆபத்து பக்கவாட்டில் கவிழ்வது. அதைப் புரிந்துகொள்ள முன் அச்சின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மேடுபள்ளமான நிலத்தில் நான்கு சக்கரங்களும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக, முன் அச்சு நடுவில் ஒரே ஓர் இரும்பு முளையில் ஊசலாடும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. இதனால் முன் சக்கரங்கள் எவ்வளவு அகலமாக இருந்தாலும், வண்டி பக்கவாட்டில் சாயத் தொடங்கும்போது அவை முட்டுக்கொடுப்பதில்லை. அச்சு தன் தடையில் போய் முட்டிய பிறகே அவற்றின் உதவி கிடைக்கும். அதுவரை டிராக்டர் மூன்று கால் முக்காலியைப் போலத்தான் நிற்கிறது. முன்னால் அந்த நடு முளை ஒரு கால். பின்னால் இரண்டு டயர்களும் இரண்டு கால்கள். வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த ஈர்ப்பு மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை கவிழாது. வெளியே போனால் கவிழும்.

முக்கோணம் பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் கூர்மையாகவும் இருப்பதுதான் இங்கே சிக்கல். லோடரில் பாரம் ஏற ஏற ஈர்ப்பு மையம் கூர்மையான முனையை நோக்கி நகர்கிறது. பின் சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலம் உள்ள நம் டிராக்டரில், பாரமே இல்லாதபோது ஈர்ப்பு மையத்துக்கும் முக்கோணத்தின் ஓரத்துக்கும் இடையே பக்கவாட்டில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. லோடரில் 500 கிலோ ஏறியதும் அது 19 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. இதே நேரத்தில் பக்கெட்டைத் தலைக்குமேல் உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் மேலே ஏறிவிடும். பிறகு ஒரு பின் சக்கரம் சிறு மேட்டில் ஏறினாலோ, முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கினாலோ அந்த 19 சென்டிமீட்டரைத் தாண்டிவிட அதுவே போதும். பாரத்தை உயர்த்திய நிலையில் வண்டியைத் திருப்பக் கூடாது, ஓட்டக் கூடாது, ஓட்டும்போது பக்கெட் தரையிலிருந்து ஓரடிக்குமேல் இருக்கக் கூடாது என்று லோடர் கையேடுகள் வலியுறுத்துவதன் அடிப்படை இதுதான்.

லோடர் வேலைக்கு எதிர் எடை பின்னால்தான் இருக்க வேண்டும். மும்முனை இணைப்பில் 600 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியை, அதன் மையம் பின் அச்சிலிருந்து 1 மீட்டர் பின்னால் வரும்படி மாட்டினால், முன் அச்சின் சுமை 2,175-லிருந்து 1,875 கிலோவாகக் குறைகிறது. பின் அச்சின் சுமை 725-லிருந்து 1,625 கிலோவாக உயர்கிறது. பக்கவாட்டு இடம் 19 சென்டிமீட்டரிலிருந்து 35 ஆக உயர்கிறது. அதே 600 கிலோவைப் பின் சக்கரங்களில் வீல் வெயிட்டாகவோ டயருக்குள் நீராகவோ வைத்தால், முன் அச்சின் சுமையில் ஒரு கிலோகூடக் குறையாது, ஏனென்றால் அந்த எடை பின் அச்சின் மீதே நேராக இறங்கிவிடுகிறது. பின்னோக்கி நெம்புவதற்கு அதற்குத் தூரம் இல்லை. பக்கவாட்டு இடமும் 28 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். சக்கரத்தில் சேர்க்கும் எடை தரைக்கு அருகே இருப்பதால் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தும் என்ற நன்மை உண்மைதான். ஆனால் முன் அச்சின் பாரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பின்னால் தொங்கும் எடைக்கு ஈடாக அது ஆகாது. லோடர் வேலை நிறையச் செய்பவர்கள் இரண்டையும் சேர்த்தே வைப்பது நல்லது. லோடர் கையேட்டில் குறிப்பிட்ட எதிர் எடை எவ்வளவோ, அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பலகைத் தட்டுகளைத் தூக்கும் ஃபோர்க் மாட்டும்போது பாரம் இன்னும் முன்னால் போய்விடுகிறது. அதே 500 கிலோ 1.5 மீட்டருக்குப் பதில் 2 மீட்டர் முன்னால் இருந்தால், எதிர் எடை இல்லாத நிலையில் பின் அச்சில் 600 கிலோதான் மிஞ்சும். பக்கெட்டில் தூக்க முடிந்ததை ஃபோர்க்கிலும் தூக்கலாம் என்று எண்ணுவது தவறு. லோடரின் தூக்கும் திறனே உயரம் கூடக் கூடக் குறைவதும் உண்டு. தரையில் அசைக்க முடிந்த பாரத்தை முழு உயரத்துக்குக் கொண்டுபோக முடியாமல் நடுவழியில் நின்றுவிடலாம். அப்போது, அழுத்தம் எல்லை மீறாதபடி எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு கிறீச்சிடும். அந்த ஒலி கேட்டால் பாரத்தை இறக்குவதே வழி; வால்வை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டுவது, தயாரித்தவர் வைத்த கடைசிக் காவலை நாமே அகற்றுவதாகும்.

உருண்டை வைக்கோல் கட்டுகளைப் பக்கெட்டில் அப்படியே ஏந்தித் தூக்குவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பக்கெட் உயர்ந்து பின்னால் சாய்ந்ததும், கட்டு லோடர் கைகளின் வழியாக உருண்டு ஓட்டுநர் மீதே விழக்கூடும். இதற்கு எவ்வளவு எதிர் எடை வைத்தும் பயனில்லை. கட்டைக் குத்திப் பிடிக்கும் ஈட்டியோ, மேலிருந்து கவ்வும் பிடியோ இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே கூடாது.

எதிர் எடைக்கு எதைப் பயன்படுத்துவது

முன் பம்பரில் மாட்டும் வார்ப்பிரும்புக் கட்டிகளே மிக எளியவை. வேலைக்கேற்ப ஒன்றிரண்டாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அவை நழுவாதபடி எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கும் நீண்ட போல்ட்டையோ பூட்டுக் கம்பியையோ பொருத்தாமல் ஓட்டக் கூடாது. குலுங்கி விழும் கட்டி நேராக முன் சக்கரத்துக்குக் கீழேதான் போகும். கட்டியைத் தூக்கி மாட்டும்போது முதுகைப் பிடித்துக்கொள்வதும், விரல் நசுங்குவதும் சாதாரணமாக நடப்பவை; இருவர் சேர்ந்து தூக்குவதே நல்லது.

டயருக்குள் நீர் நிரப்புவது செலவு குறைந்த வழி. வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம்வரை, அதாவது கொள்ளளவில் ஏறத்தாழ 75 விழுக்காடு மட்டும் நிரப்ப வேண்டும். மீதி இடத்தில் காற்று இருந்தால்தான் டயர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உறையும் குளிர் உள்ள இடங்களில் வெறும் நீர் பனிக்கட்டியாகிவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துவார்கள். அது நீரைவிடக் கனமானது. ஆனால் கசிந்தால் சக்கர வளையத்தை அரித்துவிடும்.

பின்னால் மாட்டும் பெட்டியைக் கான்கிரீட்டில் வார்த்துக்கொள்வதும் பரவலான வழக்கம். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ எடை கொண்டது. எனவே 1 மீட்டர் நீளமும், அகலத்திலும் உயரத்திலும் அரை மீட்டரும் உள்ள கட்டி ஒன்று 600 கிலோ வரும். காய்ந்த மணல் நிரப்பினால் அதே பெட்டியில் ஏறத்தாழ 400 கிலோதான் கிடைக்கும். இப்படி வார்க்கும்போது கவனிக்க வேண்டியது பின்கள் எனப்படும் இணைப்பு முளைகளை. கீழ்க் கைகளில் மாட்டும் பின், முதல் வகை (கேட்டகரி 1) இணைப்புக்கு 22 மில்லிமீட்டரும் இரண்டாம் வகைக்கு (கேட்டகரி 2) 28 மில்லிமீட்டரும் விட்டம் கொண்டிருக்க வேண்டும். மெல்லிய கம்பியை வளைத்துப் பின்னாகப் பயன்படுத்தினால் அது ஒருநாள் வழியிலேயே ஒடியும். எதிர் எடை இல்லாமல் தூக்குவதைவிட, பாரம் மேலே இருக்கும்போது எதிர் எடை கழன்று விழுவது மோசம். பின்களைக் கான்கிரீட்டில் வெறுமனே செருகாமல், கட்டிக்குள் ஊடுருவிச் செல்லும் எஃகுச் சட்டத்தோடு பற்றவைத்து வார்ப்பதே முறை. மாட்டிய பிறகு, கைகள் கழலாமல் பூட்டும் லிஞ்ச் பின்களைப் போட்டு, பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் செக் செயின்களையும் இறுக்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால் 600 கிலோ பெட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் ஊசலாடி, வண்டியைத் தன் பக்கம் இழுக்கும்.

கணக்குப் போடத் தயங்குபவர்களுக்கு எடை மேடை

பாரத்தின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வது எல்லா நேரமும் எளிதல்ல. லாரிகளை நிறுக்கும் எடை மேடை அருகில் இருந்தால் கணக்கே வேண்டாம். முதலில் பாரம் எதுவும் இல்லாமல் முழு டிராக்டரையும் மேடையில் ஏற்றி மொத்த எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பாரத்தை மாட்டி, ஓட்டும்போது வைத்திருக்கப் போகும் உயரத்துக்குத் தூக்கி, முன் சக்கரங்கள் மட்டும் மேடையிலும் பின் சக்கரங்கள் அதற்கு வெளியிலும் இருக்கும்படி நிறுத்தி நிறுக்க வேண்டும். மேடையும் அதையொட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இருப்பதும், நிறுக்கும் நேரத்தில் வண்டி நகர முடியாத சமதளமாக இருக்கும் பட்சத்தில் பிரேக்கை விட்டிருப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் எண் மாறும். இரண்டாவது எண் முதல் எண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் முன் எடை சேர்த்து மறுபடியும் நிறுக்க வேண்டும். லோடர் என்றால் பின் சக்கரங்களை மேடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருமுறை நிறுத்து எழுதிவைத்துக்கொண்டால், அதே கருவிக்கு அது எப்போதும் உதவும்.

ஸ்டியரிங் இலேசாகிவிட்டது, முன்பக்கம் குதிக்கிறது, பின் சக்கரம் வழுக்குகிறது போன்ற அறிகுறிகளை வைத்துச் சிலர் முடிவெடுப்பதுண்டு. அவற்றைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அவை தென்படும்போது குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ஏற்கெனவே இறங்கிவிட்டிருப்போம்.

ஓட்டும்போது மாறும் எண்கள்

மேலே போட்ட கணக்குகள் எல்லாம் சமதளத்தில் அசையாமல் நிற்கும் டிராக்டருக்கானவை. சரிவு ஏறும்போது எடை பின்னோக்கிப் போகிறது. பின்னால் 600 கிலோவும் முன்னால் 40 கிலோவும் மாட்டி, முன் அச்சில் 402 கிலோ வரவைத்த நம் டிராக்டர், 10 பாகை சரிவில் ஏறினால், ஈர்ப்பு மையம் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், முன் அச்சில் சுமார் 210 கிலோவோடுதான் இருக்கும். கிட்டத்தட்டப் பாதி குறைந்துவிட்டது. அங்கே கிளட்சைச் சட்டென்று விட்டால் மிச்சமும் போய்விடும். பின்னோக்கிக் கவிழும் டிராக்டர், முன்பக்கம் எழும்பியதிலிருந்து சுமார் ஒன்றரை நொடியில் முழுவதுமாக மல்லாந்துவிடுகிறது. முக்கால் நொடி கடந்த பிறகு கிளட்சை மிதித்தும் பயனில்லை. உணர்ந்து, முடிவெடுத்து, காலை நகர்த்துவதற்குள் அந்த முக்கால் நொடி முடிந்துவிடும். எனவே திறமையால் இதைச் சமாளித்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

சரிவில் பாரம் இருக்கும் பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் பாரம் இருந்தால் மேட்டில் ரிவர்ஸில் ஏறி, முன்நோக்கி இறங்க வேண்டும். லோடரில் பாரம் இருந்தால் முன்நோக்கி ஏறி, ரிவர்ஸில் இறங்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே போவதையும், சரிவில் திரும்புவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும்; தவிர்க்கவே முடியாவிட்டால் அந்த வழியில் பாரத்தைக் கொண்டுபோகாமல் வேறு வழி தேட வேண்டும். வேகத்தைப் பொறுத்தவரை, திருப்பத்தில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு.

1959-இல் ஸ்வீடன், புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் கட்டாயம் என்று விதித்தது. பிறகு பல நாடுகள் அந்த வழியைப் பின்பற்றின. ரோப்ஸ் எனப்படும் அந்தச் சட்டகமும் சீட் பெல்ட்டும் சேர்ந்துதான் உயிர் காக்கும். சட்டகம் இருந்து பெல்ட் போடாவிட்டால் கவிழும்போது ஓட்டுநர் தூக்கியெறியப்பட்டு, அதே சட்டகத்துக்கு அடியில் சிக்கக்கூடும். சட்டகமே இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது. மடக்கும் வகைச் சட்டகத்தைத் தாழ்வான மரக்கிளைக்காக மடக்கியவர்கள், அதைக் கடந்ததும் நிமிர்த்திவிட வேண்டும்.

தூக்கிய பாரத்துக்குக் கீழே எவரும் நிற்கவோ கையை நீட்டவோ கூடாது. ஒரு குழாய் வெடித்தால் பாரம் ஒரே நொடியில் இறங்கிவிடும். எஞ்சின் நின்றிருந்தாலும் லீவரில் கை பட்டால் இறங்கும். ஹைட்ராலிக் குழாயில் கசிவைத் தேடும்போதும் விரலால் தடவிப் பார்க்காமல் ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. பாரத்தை இடம் மாற்றி முடித்ததும், இருக்கையை விட்டு இறங்குவதற்கு முன், பக்கெட்டோ கருவியோ தரையில் அமர்ந்திருக்க வேண்டும்.

எதிர் எடைக்கும் எல்லை உண்டு

எதிர் எடையைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. ஒவ்வோர் அச்சுக்கும் ஒவ்வொரு டயருக்கும் தாங்கும் எல்லை உண்டு. வண்டியின் மொத்த எடைக்கும் எல்லை உண்டு. 900 கிலோ பாரத்தையும் 212 கிலோ முன் எடையையும் சுமக்கும் நம் டிராக்டரின் பின் அச்சில் சுமார் 2,710 கிலோ இறங்குகிறது. அந்த அச்சின் அனுமதி அளவு 2,500 கிலோவாக இருந்தால், முன்பக்கம் எவ்வளவு நன்றாக அழுந்தி நின்றாலும் அந்தப் பாரம் அந்த வண்டிக்கு உரியதல்ல. பெரிய டிராக்டர் தேவை, அல்லது பாரத்தை இரண்டாகப் பிரித்துத் தூக்க வேண்டும், அல்லது தூக்குவதற்குப் பதில் டிரைலரில் ஏற்றி இழுக்க வேண்டும். டயர் காற்றழுத்தத்தையும் புதிய சுமைக்கேற்ப டயர் அட்டவணையைப் பார்த்து உயர்த்தியாக வேண்டும்; காற்றுக் குறைந்த டயர் பாரத்தின் கீழ் பக்கவாட்டில் நெளிந்து, நாம் கணக்கிட்ட பக்கவாட்டு இடத்தையும் தின்றுவிடும்.

வேலை முடிந்த பிறகு எதிர் எடையைக் கழற்றிவிடுவதே முறை. தேவையில்லாத எடையைச் சுமந்து திரியும் டிராக்டர் டீசலை வீணாக்குவதோடு மண்ணையும் இறுக்கிவிடுகிறது. மேல்மண்ணைப் பொலபொலப்பாக்கப் பின்னால் ஒரு கருவி ஓட, முன்னால் தேவையற்ற இரும்பு அதை அழுத்திக்கொண்டே போகும். உயர்த்திய காற்றழுத்தத்தையும் பழைய அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். கான்கிரீட் பெட்டியை உறுதியான சமதளத்தில் முழுவதும் இறக்கிவைத்து, எஞ்சினை நிறுத்திய பிறகு, முதலில் டாப் லிங்க்கையும் பிறகு கீழ்க் கைகளையும் கழற்றலாம். டாப் லிங்க் கழன்றதும் அந்தப் பெட்டியைப் பிடித்திருக்க மேலே எதுவும் இருக்காது என்பதால், அதை வார்க்கும்போதே அடிப்பாகத்தை உயரத்துக்குக் குறையாத அகலத்தில் அமைத்துவிட வேண்டும்.